இணைப்பு அனுமதி கிடைத்த பிறகும் கிரிட்டில் மின்சாரம் ஏற்ற முடியாதது ஏன்? (தென் மாவட்டச் சூரிய, காற்றாலைத் திட்டங்கள்)

தேரிக்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா மகன்கள் இருவரும் சேர்ந்து, தென் மாவட்டம் ஒன்றில் தரிசாகக் கிடந்த குடும்ப நிலத்தில் 8 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறோம். வங்கிக் கடன் வாங்கி, தகடுகளையும் இன்வெர்ட்டர்களையும் இறக்கி, எட்டே மாதத்தில் வேலையை முடித்துவிட்டோம். நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 110/33 கே.வி. (கிலோவோல்ட்) துணைமின் நிலையம் வரை 33 கே.வி. லைனையும் எங்கள் செலவிலேயே இழுத்தாகிவிட்டது. மின் ஆய்வாளரின் சான்று கையில் இருக்கிறது. இணைப்பு அனுமதிக் கடிதம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது.

ஆனாலும் ஐந்து மாதமாக எங்கள் இடத்திலிருந்து ஒரு யூனிட் கூட வெளியே போகவில்லை. கேட்டால் "மேலே லோடு தாங்காது, பொறுங்கள்" என்கிறார்கள். தகடுகளின் மேல் செம்மண் படிந்து கிடக்கிறது, வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறுகிறது. அனுமதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு இடமில்லை என்பது எப்படிச் சரியாகும் என்பதை இத்துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

குறுக்குத்துறை எழுதியது:

தம்பி, நான் மின் தொடரமைப்பில் (உயர் அழுத்த மின்பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் கவனிக்கும் துறையில்) 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பட்டிருக்கும் அவதியைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லைன் வந்து சேரும் பிரேக்கரும் (லைனைத் திறந்து மூடும் பெரிய சுவிட்ச்) அதைச் சுற்றியுள்ள பே எனப்படும் இடமும் ஒரு பொருள். அங்கிருந்து மின்சாரம் 110 கே.வி.க்கும், அதற்கு மேல் 230, 400 கே.வி.க்கும் ஏறிப் போக வேண்டிய பாதை வேறொரு பொருள். அனுமதிக் கடிதம் பெரும்பாலும் முதலாவதைத்தான் உறுதியாகத் தருகிறது. இரண்டாவதைப் பற்றி, எங்கோ ஏழாவது, எட்டாவது நிபந்தனையில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை இங்கே அப்படியே போடுங்கள், பிறகு பேசுவோம்.

அதுவரை ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் துணைமின் நிலையத்தில் இரண்டு 16 எம்.வி.ஏ. (டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவைச் சொல்லும் அலகு, மெகாவாட்டுக்கு நெருக்கமானது) டிரான்ஸ்பார்மர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 இருக்கிறதே என்று வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது தாங்க வேண்டும் என்பது திட்டமிடலின் அடிப்படை விதி என்பதால் பொறியாளர் 16 என்றுதான் எழுதிக்கொள்வார். அதே 33 கே.வி. பஸ்ஸில் (லைன்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பியில்) ஏற்கெனவே 14 மெகாவாட் காற்றாலைகள் இருந்து, ஊர்களின் குறைந்தபட்சத் தேவை 3 மெகாவாட்டாக இருந்தால், ஆடிக்காற்றில் 11 மெகாவாட் மேலே ஏற முயலும். உங்கள் 8ஐயும் சேர்த்தால் 19 ஆகிறது, அந்த 16ஐத் தாண்டிவிடுகிறது. லோட் ஃப்ளோ ஸ்டடி என்று பெரிய பெயரில் அழைப்பது, இந்தக் கூட்டல் கழித்தலையே நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்பதுதான்.

பஞ்சாலை எழுதியது:

எங்கள் நூற்பாலைக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் சில காற்றாலைகள் இருக்கின்றன. அங்கே யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடி என்றுதான் சொல்வார்கள். இந்தக் கதை சூரியத் தகடு வந்த பிறகு தொடங்கியதல்ல என்பதற்காக எழுதுகிறேன்.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கமாகச் சில சிறிய இயந்திரங்களை நிறுத்தினார்கள். 90களில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் தனியார் இயந்திரங்கள் பெருகியதற்குக் காற்று ஒரு காரணம் என்றால், வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகை (இயந்திர விலையைத் தொடக்க ஆண்டுகளிலேயே வேகமாகக் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளும் வசதி) அதைவிடப் பெரிய காரணம். மார்ச் 31க்குள் இயந்திரம் சுழன்றாக வேண்டும் என்ற அவசரத்தில் ஆலைக்காரர்கள் எல்லோரும் ஓடினோம். மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று உள்கட்டமைப்புக் கட்டணமும் கட்டினோம். ஆனால் இயந்திரம் நிற்க நான்கு மாதம் போதும், டவர் லைன் வருவதற்கு நான்கு ஆண்டும் போதவில்லை.

இதன் விளைவைத் தமிழ்நாடே அனுபவித்தது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் காற்றில்லாத மாதங்களில் ஊரெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டுகளில் காற்று வீசும் மாதங்களில் எங்கள் காத்தாடிகளை நிறுத்தச் சொல்லித் தொலைபேசி வரும். மின்சாரத்தை வடக்கே அனுப்பலாம் என்றால் தென் மண்டல கிரிட் அப்போது மற்ற மண்டலங்களோடு ஒத்திசைந்து ஓடவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் 2013 டிசம்பர் 31 அன்று இணைந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே கிரிட் ஆனது.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். பழைய இயந்திரங்களில் உள்ள இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய் வந்து, மின்னழுத்தத்தை இறக்கும் மின்திறனை) உறிஞ்சும் என்பது உண்மை. அதற்காகக் கெப்பாசிட்டர் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். அளவு தாண்டினால் அபராதம் என்றார்கள், கட்டுகிறோம். ஆனால் நாங்கள் ஓடத் தயாராக நின்றும் நிறுத்தப்பட்ட மணிநேரங்களுக்கு எந்த மீட்டரிலும் கணக்கு இல்லை.

சுமைமேசை எழுதியது:

சுமை அனுப்புகைப் பணியில் (எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் பணியில்) இருப்பவன் என்பதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. "நிறுத்தச் சொல்லித் தொலைபேசி வரும்" என்று எழுதியவர், அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைப் பதினைந்து நிமிடங்களாக வெட்டி 96 துண்டுகளாகத் திட்டமிடுகிறோம். அதிர்வெண் 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் நிற்க வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் உச்சியில் இருக்கிறது, காற்றும் அடிக்கிறது. அனல் மின் அலகுகளை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம். அணைத்துவிட்டாலோ மாலை ஏழு மணிக்கு அவை வேண்டும், ஆனால் அவ்வளவு விரைவில் எழுப்ப முடியாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆனால் மழை பெய்து குளிர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேவை அதற்கு வெகு கீழே கிடக்கும். இப்படிப்பட்ட நாளில் குறைக்கச் சொல்வதற்குக் கம்பி காரணமல்ல, வாங்க ஆள் இல்லாததுதான் காரணம்.

அதனால் எல்லா நிறுத்தத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. கம்பி தாங்காமல் நிறுத்துவதும், கிரிட்டின் பாதுகாப்புக்காக நிறுத்துவதும் ஒரு வகை. விலை குறைந்த மின்சாரம் வேறிடத்தில் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்துவது மற்றொரு வகை. தமிழ்நாட்டுச் சூரிய மின் நிலையங்கள் தொடர்ந்த வழக்கில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இரண்டாவது வகையைத் தவறு என்று சொல்லி, இழப்பீடு தரவும் ஆணையிட்டது. எங்களில் பலர் அதைச் சரியென்றே கருதுகிறோம்.

குறுக்குத்துறை ஐயாவுக்கு ஒரு திருத்தம். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டுத் திட்டமிடல் கையேடு, காற்றாலை, சூரிய நிலையங்களின் நேரடி இணைப்புக்கு, "ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும்" என்ற விதியைத் தளர்த்தலாம் என்று சொல்லியிருந்தது. ஆண்டில் சில மணிநேரமே முழு அளவில் ஓடும் நிலையத்துக்காக இரட்டைச் செலவு எதற்கு என்பதே அதன் தர்க்கம். 16ஐயே ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

குறுக்குத்துறை எழுதியது:

நல்ல கேள்வி, கையேட்டை நானும் படித்திருக்கிறேன். காற்றாலைகளுக்கென்றே தனியாகக் கட்டிய நிலையமாக இருந்தால் அந்தத் தளர்வைத் தாராளமாகக் கொடுக்கலாம். தம்பி சொல்லும் நிலையம் அப்படிப்பட்டதல்ல. அதே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் பத்துப் பன்னிரண்டு கிராமங்களுக்கும் மின்சாரம் இறங்குகிறது. ஒன்று டிரிப் ஆகி (பாதுகாப்புக்காகத் தானாகத் துண்டித்துக்கொண்டு), மிஞ்சிய ஒன்றும் அதிக லோடில் டிரிப் ஆனால் இருட்டில் கிடப்பது காற்றாலை முதலாளி இல்லை.

ஒரு ஆடி மாத இரவை நான் மறக்கவில்லை. 110 கே.வி. நிலையம் ஒன்றில் இரவுப் பணியில் இருந்தேன். ஒரு டிரான்ஸ்பார்மர் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, மற்றொன்றின் எண்ணெய்ச் சூடு 85 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் தொலைவில் காத்தாடிகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாகத் தெரியும். குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எந்த பீடரை (நிலையத்துக்கு வரும் காற்றாலை லைனை) திறந்து துண்டிப்பது என்பதற்கு மேசையில் ஒரு நோட்டு வைத்திருந்தோம், நேற்று நிறுத்தியவரை இன்று நிறுத்தக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி. பிரேக்கரைத் திறந்ததும் தொலைவில் அந்த வரிசை முழுக்க விளக்கு அணைந்தது. காற்று மட்டும் முன்பு போலவே வீசிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடமே ஒரு மேலாளர் தொலைபேசியில் கத்தத் தொடங்கினார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றுபோகம் எழுதியது:

"டவர் லைன் நான்கு ஆண்டிலும் வருவதில்லை" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்த டவர் யாருடைய வயலில் நிற்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. நான் மேற்கு மாவட்ட விவசாயி. என் தோட்டத்தின் நடுவே ஒரு லைன் போகிறது. காய்ப்புக்கு வந்த 23 தென்னைகளை வெட்டினார்கள். கம்பிக்குக் கீழே இனித் தென்னை வைக்க முடியாது, உயரமாக எதுவும் வளர்க்க முடியாது. நிலம் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் விற்கப் போனால் வருகிறவர் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். தூறல் விழும் இரவில் கம்பி இரைகிற சத்தம் திண்ணை வரை கேட்கும்.

ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் லைன் வந்தபோது எங்கள் பக்கத்து மாவட்டங்களில் எவ்வளவு போராட்டம் நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே உள்ளே வருகிறார்கள். தந்தியையே நிறுத்தி ஆண்டுகள் பல ஆகிவிட்டன, சட்டம் மட்டும் எங்கள் வரப்பில் நிற்கிறது.

சுமைமேசை எழுதியது:

மூன்றுபோகம் ஐயா சொல்வது முற்றிலும் சரி. மத்திய மின் அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு என்று இருந்தது. 2024 ஜூனில் அதை டவர் இடத்துக்கு 200 சதவீதம், பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். ஆனால் எந்த மதிப்பின் மேல் இந்தச் சதவீதம் என்பதில்தான் சண்டையே இருக்கிறது. பத்திர அலுவலக மதிப்பு ஒன்று, சந்தையில் விற்கிற விலை வேறொன்று. திட்டச் செலவில் இழப்பீடு சிறு பங்குதான். அதைத் தாராளமாகக் கொடுத்திருந்தால் பல லைன்கள் இரண்டு ஆண்டு முன்பே மின்னேறியிருக்கும் என்பது என் சொந்தக் கருத்து.

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை வாசித்தபோது எங்களுடைய நிலைமையையும் சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னார்த் தீவில் இலங்கை மின்சார சபை 30 இயந்திரங்களுடன் ஏறத்தாழ 100 மெகாவாட் அளவில் தம்பபவனி காற்றாலையை அமைத்தது. மன்னாருக்கு வலுவான மின்பாதை அமைக்கும் வேலை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. எந்த இடத்தில் காற்று இருக்கிறதென்பதை முதலில் அறிந்து, பாதையைப் போட்டுவிட்டு, அதன் பின்னர் இயந்திரத்தை நிறுத்துவதே சரியான ஒழுங்கு.

எங்களுடைய சிக்கல் வேறு வகையானது. எங்களுடையது சிறிய தீவின் கிரிட், அயல் நாட்டோடு இணைப்பு இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கு ஒன்றுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதும், உலகமே சிரித்தது. ஆனால் கவனிக்க வேண்டியது குரங்கை அல்ல. விடுமுறை நாளில் தேவை குறைந்து, கூரைச் சூரியப்படல்கள் நிறைய உற்பத்தி செய்துகொண்டிருந்த நேரம் அது. சுழல்கின்ற கனமான இயந்திரங்கள் குறைவாக ஓடும்போது, சிறிய அதிர்ச்சியையும் கிரிட்டால் தாங்க முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சூரியப்படல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். எனவே கம்பி போட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை.

சுமைமேசை எழுதியது:

வல்லைவெளி சொன்னதற்காகவே எங்கள் இணைப்பு விதிகளில் ஒரு நிபந்தனை உண்டு. கிரிட்டில் கோளாறு ஏற்பட்டு மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும், காற்றாலையும் சூரிய நிலையமும் 300 மில்லி விநாடி வரை கழன்றுகொள்ளாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். பழைய இயந்திரங்களால் அது முடியாது. எங்கோ ஒரு கம்பியில் இடி விழுந்தால் நூறு காத்தாடிகள் ஒரே நொடியில் கழன்றுவிடும், நாங்கள் அந்த ஓட்டையை அடைக்க ஓடுவோம். பழைய 250 கிலோவாட் இயந்திரத்தை எடுத்துவிட்டு அங்கே பெரிய இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேரிக்காட்டான் எழுதியது:

குறுக்குத்துறை ஐயா கேட்ட வரி கிடைத்துவிட்டது, ஒன்பதாவது நிபந்தனையில் இருந்தது. "துணைமின் நிலையத்திலுள்ள 16 எம்.வி.ஏ. மின்மாற்றிகள் 25 எம்.வி.ஏ. ஆகத் திறன் உயர்த்தப்பட்ட பின்னரே மின் உற்பத்தி அனுமதிக்கப்படும், அதில் ஏற்படும் தாமதத்துக்கு இழப்பீடு கோர இயலாது" என்று இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கடன் கொடுத்த வங்கிக்காரரும் இதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அனுமதி என்ற சொல்லைப் பார்த்ததும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டோம். நீங்கள் கண்ணால் பார்க்காமலேயே 16 என்று எழுதியதுதான் வியப்பாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். எனக்கு முன்னால் அனுமதி வாங்கிய இரண்டு பேர் இன்னும் ஒரு குழி கூடத் தோண்டவில்லை. அவர்கள் பெயரில் இடம் முடங்கிக் கிடக்கிறது, முடித்துவிட்டு நிற்கும் எனக்கு இடமில்லை என்பது சரியா?

சுமைமேசை எழுதியது:

வரிசையில் துண்டு போட்டு வைக்கும் இந்தப் பழக்கம் பேருந்தில் தொடங்கி கிரிட் வரை வந்துவிட்டது. மாநிலங்களுக்கு இடையிலான தொடரமைப்பில் இதை ஓரளவு கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் கொண்டுவந்த இணைப்பு விதிகளின்படி நில ஆவணமோ, மின் கொள்முதல் ஆணையோ, பெரும் தொகைக்கான வங்கி உத்தரவாதமோ இல்லாமல் வரிசையில் நிற்க முடியாது. குறித்த காலத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் இணைப்பு பறிபோகும். 2025இல் வந்த மூன்றாம் திருத்தம் இன்னொரு படி மேலே போய், சூரிய நேரம், சூரியன் அல்லாத நேரம் என்று ஒரே இணைப்பை இருவர் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. மாநிலத் துணைமின் நிலையங்கள் அளவிலும் இந்தக் கண்டிப்பு வேண்டும்.

பஞ்சாலை எழுதியது:

பகிர்வது என்றதும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எங்கள் காத்தாடிகள் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் ஓடும். மீதி ஏழு மாதம் அதே கம்பியும் டிரான்ஸ்பார்மரும் காலியாகத்தான் கிடக்கின்றன. சூரியத் தகட்டுக்கு நல்ல விளைச்சல் தருவது மாசி, பங்குனி. அப்படியிருக்க, ஆடி மாதத்தின் ஒரு நண்பகலை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தம்பியை நிறுத்தி வைப்பது என்ன கணக்கு? மழைக்காலத்துக்கென்று குடை வாங்கியவர் கோடையில் வெளியே வரவே கூடாது என்பது போல இருக்கிறது. காற்றுப் பருவத்தில் குறைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மற்ற மாதங்களுக்கு விடலாமே.

குறுக்குத்துறை எழுதியது:

பஞ்சாலைக்காரர் சொல்வதை நான் பணியில் இருந்தபோது இரண்டு முறை கோப்பில் எழுதினேன். இரண்டு முறையும் "முன்னுதாரணம் இல்லை" என்று திரும்பி வந்தது. இப்போது நேரப் பகிர்வுக்கு மத்திய விதியிலேயே முன்னுதாரணம் வந்துவிட்டதால் துணிந்து கேட்கலாம்.

தம்பி, இப்படி விண்ணப்பம் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர் மாற்றும் வரை இடைக்கால அனுமதி வேண்டும் என்று தொடங்குங்கள். காற்றில்லாத மாதங்களில் முழு 8 மெகாவாட்டும், காற்றுப் பருவத்தில் 4 மெகாவாட்டும் கேளுங்கள். என் கணக்கில் 11ஓடு 5 சேர்ந்தால் 16 வருகிறதே, ஏன் 4 என்று கேட்பீர்கள். மெகாவாட்டும் எம்.வி.ஏ.யும் ஒன்றல்ல, பவர் ஃபேக்டருக்கும் (ரியாக்டிவ் பவரும் சேர்ந்து ஓடுவதால் வரும் வேறுபாட்டுக்கும்) வெயிலில் ஏறும் எண்ணெய்ச் சூட்டுக்கும் இடம் விட வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆனால் உங்கள் பிரேக்கர் தானாகத் திறந்துகொள்ளும்படி ரிலேயில் (கோளாறை உணர்ந்து பிரேக்கரை இயக்கும் கருவியில்) ஏற்பாடு செய்து தருகிறேன் என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு அன்றிரவு தூக்கம் வரும். நிலையத்தின் கடந்த ஆண்டு மணிவாரி லோடு விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள். நான் போட்டது உத்தேசக் கணக்கு, உங்களுடையது அவர்களுடைய ஏட்டிலிருந்தே வர வேண்டும்.

தேரிக்காட்டான் எழுதியது:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மணிவாரி விவரம் நாற்பது நாளில் வந்தது. அதன்படி சென்ற ஆண்டு ஐப்பசி முதல் சித்திரை வரை அந்த நிலையத்தில் ஒரு பகலில் கூட 33 கே.வி. பக்கமிருந்து மேலே ஏறியது 6 மெகாவாட்டைத் தாண்டவில்லை. அதை வைத்து எழுதிய விண்ணப்பத்துக்கு, ரிலே ஏற்பாட்டுடன் இப்போதைக்கு 4 மெகாவாட் ஏற்ற அனுமதி வந்து, சென்ற வாரம் பிரேக்கரை மூடினோம். முழு 8 பற்றி இன்னும் பதில் இல்லை. புதிய 25 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று டிரெய்லரில் வந்து நிலைய வளாகத்தில் நிற்கிறது. ஆனால் பழைய பீடம் 16க்கானது என்பதால் அதை இடித்து அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள். இதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் ஐயா?

குறுக்குத்துறை எழுதியது:

4 கிடைத்ததே நல்ல செய்தி, தம்பி. பீடம் போட்டு கான்கிரீட் இறுகுவதற்கு ஒரு மாதம், ஏற்றி நிறுத்த இரண்டு நாள், எண்ணெய் வடிகட்டிச் சோதிக்க ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் காற்றின் ஈரத்தில் வடிகட்டல் இழுத்துக்கொண்டே போகும், அதனால் தீபாவளிக்கு முன் பீடத்தை முடிக்கச் சொல்லி நச்சரியுங்கள். 33 கே.வி. பக்கத்து சி.டி.யின் (ஓடும் மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்கும் ரிலேவுக்கும் தரும் கருவியின்) விகிதம் 25 எம்.வி.ஏ.வுக்கு ஏற்றதுதானா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பழைய சி.டி.யை அப்படியே வைத்துவிட்டு, பிறகு அதை மாற்ற மூன்று மாதம் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.